என்னைப் பற்றி விசாரித்தவர்கள்

இந்த ஊரில் வேலை போனவன் சிரிக்க வேண்டும். லீட்ஸ் நகர நூலகத்தின் இரண்டாவது மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் வேலை தேடுகிறவர்களுக்கு ஓர் இலவச வகுப்பு நடக்கிறது. அங்கே எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே அதுதான். வகுப்பெடுத்தவர் ஹிலரி என்கிற அம்மையார். ஏதோ பெரிய நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர், மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். வேலைக்கு ஆள் தேடுகிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் ஓர் இணையதளம் இருக்கிறதே, அதில் என் பக்கத்தைத் திறந்து சுவரில் பெரிதாகக் காட்டினார். மேலே என் படம், பெயருக்குக் கீழே நான் யார் என்று ஒரே வரி, அதற்கும் கீழே படித்தது, பார்த்த வேலைகள், என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னைப் பற்றி எழுதிய நல்ல வார்த்தை. படத்தைப் பார்த்துவிட்டு, "உங்களை யாரோ கைது செய்துவிட்டார்கள் போலிருக்கிறதே" என்றார். வகுப்பில் இருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். அது தென்காசி தெற்கு மாசி வீதியில், ஸ்டுடியோக்காரர் ஆணியில் மாட்டி வைத்திருந்த கோட்டைப் போட்டுக்கொண்டு எடுத்த படம். நான் கொஞ்சம் இளித்ததற்கு, வேலைக்குப் போடுகிற படம், சிரித்தால் ஒருத்தனும் மதிக்கமாட்டான் என்று அவர் அதட்டியது நினைவிருக்கிறது. ஹிலரி என்னை ஜன்னலோரமாக நிறுத்தி, தன் செல்லிலேயே பல் தெரிய வேறு படம் எடுத்துத் தந்தார். எனக்கு வேலை போய் அன்றோடு பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

என் பெயர் காசிவிஸ்வநாதன். இங்கே கேசி. ஊர் கீழப்பாவூர், படித்தது தென்காசி, வேலை பார்த்தது கோயம்புத்தூரில் ஆறு வருடமும் லீட்ஸில் ஐந்து வருடமும். குடிநீர் வாரியங்களுக்குப் பம்பு செய்து கொடுக்கும் நிறுவனம். எந்தப் பம்பை எந்த நாளில் நிறுத்திப் பழுது பார்ப்பது என்று திட்டம் போடுகிற பிரிவில் இருந்தேன். மே மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை எங்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்து, பிரிவையே போலந்துக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள். மற்ற ஆறு பேருக்கும் போனது வேலை மட்டும்தான். என் விசா அந்த நிறுவனத்தின் பெயரில் இருந்தது. இன்னொரு நிறுவனம் என்னை எடுத்துக்கொள்ளாவிட்டால், அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து அறுபது நாளில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நான் இருந்த வாடகை வீட்டில் மற்ற மூவரும் தமிழர்கள், அதில் ஒருவர் சுரண்டைக்காரர். அவருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிய ஒரு மணி நேரம் போதும். ஆகவே நான் தினமும் ஏழரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு, டிபன் டப்பாவில் எலுமிச்சைச் சாதத்தைக் கட்டிக்கொண்டு, வேலைக்குப் போகிறவனாகவே கிளம்பினேன். நூலகம் ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வகுப்பில் படம் மாறிய பிறகு சொற்களை மாற்ற ஆரம்பித்தோம். நான் யார் என்ற வரியில் நிறுவனத்தின் பெயரையும் பதவியையும் மட்டும் போட்டிருந்தேன். போதாது என்றார் ஹிலரி. என்னைத் தேடுகிறவன் என்ன சொல்லைப் போட்டுத் தேடுவான் என்று யோசித்து அந்தச் சொற்களையே அங்கே வைக்க வேண்டுமாம். அதற்கடுத்த பகுதியில் என்னைப் பற்றி நானே ஒரு பத்தி எழுத வேண்டும். நான் செய்தேன், நான் நடத்தினேன், நான் மிச்சப்படுத்தினேன் என்று ஒவ்வொரு வரியும் நானில் தொடங்க வேண்டும். எனக்குக் கை வரவில்லை. மூன்று தடவை எழுதியும் ‘நாங்கள்’ என்றே வந்தது. யார் அந்த நாங்கள் என்று கேட்டு ஹிலரி சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார். உண்மையிலேயே நாங்கள் சேர்ந்து செய்த வேலைதான் என்றேன். அப்படியானால் உங்கள் கூட்டத்தையே வேலைக்கு எடுக்க வேண்டுமா என்று கேட்டார். நல்ல மனுஷி, கேலியாகக் கேட்கவில்லை. இந்த நாட்டில் ஒருவனைப் பற்றி அவனே முதலில் சொல்ல வேண்டும், சொன்னதை நம்புவார்கள், பிறகு தேவையானால் சரிபார்ப்பார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் தன்னைப் பற்றித் தானே நாலு வரி பேசுகிறவனைக் கண்டாலே, இவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். ஒருவன் எப்படிப்பட்டவன் என்று அவனைத் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்போம்.

அதற்கு எங்கள் ஊரில் விசாரிப்பு என்று பெயர். சம்பந்தம் பேசுவதற்கு முன் பெண் வீட்டார் பையன் ஊருக்கும், பையன் வீட்டார் பெண் ஊருக்கும் சத்தமில்லாமல் ஆள் அனுப்புவார்கள். கல்லூரி முடித்த வருடம், சிநேகிதன் ஒருவனின் அக்காவுக்காக அவனும் நானும் அச்சன்புதூருக்கு விசாரிக்கப் போனோம். பையன் வீட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியாததால் வெயிலைப் பற்றியும் நெல் விலையைப் பற்றியும் பேசிப் பேசி டீ குடித்துக்கொண்டிருந்தோம். நாலாவது டீயைக் கொண்டுவந்து வைத்த கடைக்காரர், "பொண்ணு வீட்டாளுவதான? நாலு டீ குடிச்சாச்சு. இனியாவது கேளுங்கடே" என்றார். பிறகு அவரே உட்கார்ந்து, அந்தப் பையன் எத்தனை மணிக்கு வீடு திரும்புவான், தாயை எப்படிக் கூப்பிடுவான், யாரோடு சேருவான் என்று ஒன்று விடாமல் சொன்னார். சொன்னதில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. கல்யாணம் நடந்தது, இன்றுவரை நன்றாக இருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு அன்றைக்கு நாங்கள் வந்து போனது இன்னும் தெரியாது. இதில் ஒளிவு மறைவு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. விசாரிக்காமல் பெண்ணைக் கொடுக்கிறவனைத்தான் ஊர் ஏசும்.

இப்போது என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். செண்பகத்துக்கு முப்பத்தொரு வயது. தென்காசியில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் வேலை. அப்பாவின் நோயில் இரண்டு வருடம் போனது, அப்பா போன பிறகு ஒரு வருடம் எதுவும் பேசக்கூடாது என்று போனது, அதற்கப்புறம் வந்த இடங்களெல்லாம் ஒன்று ஜாதகத்தில் நின்றது, இல்லாவிட்டால் வயதில் நின்றது. தங்கைக்கு முடிக்காமல் அண்ணன் செய்துகொள்வதில்லை என்பதால் நானும் முப்பத்தாறில் ஒண்டிக்கட்டை. அது எனக்குக் குறையில்லை. ஆனால் உறவில் ஒரு விசேஷம் என்றால் செண்பகம் ஏதாவது சாக்குச் சொல்லி வங்கிக்குக் கிளம்பிவிடுகிறாள் என்று அம்மா அடிக்கடி சொல்வதுண்டு. இந்த நிலையில்தான் வாசுதேவநல்லூர் சம்பந்தம் வந்தது. பையன் பெயர் மணிகண்டன், சென்னையில் வேலை. அப்பா சங்கரலிங்கம், கூட்டுறவுச் சங்கச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பெண் பார்ப்பது என்று வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் வைத்து உட்கார வைக்கிற கூத்தெல்லாம் வேண்டாம், சீசன் தொடங்கிவிட்டது, குற்றாலத்தில் இரண்டு குடும்பமும் சந்திப்போம் என்றார் அவர். ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்தருவிக்குப் போகும் வழியில் படகு விடுகிற இடத்தில் சந்தித்தார்கள். பெரியவர்கள் பழக்கடைகளைப் பார்க்கப் போனார்கள். இவர்கள் இருவரும் சாரலில் நனைந்துகொண்டு ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் செண்பகம் என்னை அழைத்து மங்குஸ்தான் விலை கூடிப்போனதைப் பற்றிப் பேசினாள், குரங்கு ஒன்று அம்மாவின் பையைப் பிடுங்கியதைப் பற்றிப் பேசினாள், பையனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிடித்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அப்பா போன பிறகு அவள் அப்படி மூச்சு விடாமல் பேசி நான் கேட்டதில்லை.

அந்தச் சந்திப்புக்கு இரண்டு நாள் கழித்து ஹிலரியின் வகுப்பில் பச்சை வளையம் வந்தது. படத்தைச் சுற்றி ஒரு பச்சை வளையத்தைப் போட்டுக்கொண்டால், இவன் வேலைக்குத் தயாராக இருக்கிறான் என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். பழைய வேலை முடிந்த மாதத்தையும் பதிய வேண்டும். இந்த இரண்டையும் செய்தால் தேடி வருகிறவர்கள் கூடுவார்கள் என்றார். நான் மாட்டேன் என்றேன். அந்தத் தளத்தில் என்னோடு இணைந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஊர்க்காரர்கள். கூடப் படித்தவன், அத்தை மருமகன், கடையநல்லூரிலிருந்து வளைகுடாவுக்குப் போன பழைய சிநேகிதர்கள். வளையம் போட்ட மறுநாள் அது வாசுதேவநல்லூருக்குப் போய்விடும். ஆகவே ஆள் எடுக்கும் நிறுவனங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வசதி இருந்ததே, அதை மட்டும் போட்டேன். ஏன் இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று ஹிலரி கேட்டார். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றேன். "ஓ, வாழ்த்துகள்" என்று அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்குக் கேள்வி வந்தது. கல்யாணம் தங்கைக்கு, வேலை போனது அண்ணனுக்கு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றார். விளக்க ஆரம்பித்தேன். அவர் முகத்தில் ஏறிய இரக்கத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டேன்.

ஆக என் பக்கத்தில் மட்டும் நான் இன்னும் வேலையில் இருந்தேன். ‘ஐந்து வருடமாக, இன்றுவரை’ என்றே அதில் இருந்தது. அதன் பலன் உடனே தெரிந்தது. ஷெஃபீல்டில் ஒரு நிறுவனத்தில் நேர்காணல் நன்றாகத்தான் போனது, எப்போது சேர முடியும் என்று கேட்டார்கள், நாளைக்கே என்றேன். உங்கள் பக்கம் வேறு மாதிரி சொல்கிறதே என்று அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் தடுமாறினேன். அதற்கப்புறம் அங்கிருந்து பதில் இல்லை. அதே வாரம் சங்கரலிங்கம் அழைத்தார். மழை, நிச்சயதார்த்தத்துக்கு ஆவணி, மண்டபம் என்று எல்லாம் பேசிவிட்டு, வேலையெல்லாம் எப்படிப் போகிறது என்று சாதாரணமாகக் கேட்டார். பேருந்து நிலையத்தில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாகப் போகிறது மாமா என்றேன். அப்போது என் கணக்கு எளிமையானது. அறுபது நாளில் இன்னும் முப்பத்தைந்து நாள் இருக்கிறது, அதற்குள் வேறு வேலை கிடைத்துவிடும், கிடைத்ததும் வேலை மாறிவிட்டேன் என்று இனிப்பான செய்தியாகவே சொல்லிவிடலாம். பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. உண்மையைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன்.

கிரேம் என் பழைய மேலாளர். யார்க்‌ஷரில் பிறந்து அங்கேயே அறுபதைத் தாண்டியவர், பிரிவு போலந்துக்குப் போனதில் அவருக்கும் வேலை போய்விட்டது, ஆனால் அவர் அதை ஓய்வு என்று சொல்லிக்கொண்டார். மூன்று வருடத்துக்கு முன் என் பக்கத்தில் என்னைப் பற்றி ஒரு நல்வாக்கு எழுதியிருந்தார். ஜூலை முதல் வாரம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள காபிக் கடைக்கு என்னை வரச் சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம். "உனக்கு ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறேன் கேசி" என்றார். என் சொந்த மாவட்டத்திலிருந்து ஒரு நிறுவனத்தின் செயலாளர் அந்தத் தளம் வழியாக அவருக்கு எழுதியிருக்கிறார், என்னை எடுக்க யோசிக்கிறார்கள், தான் ஒன்றும் விடாமல் எழுதி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் நெஞ்சு பொங்கியது. தென்காசிப் பக்கம் என்னை எடுக்கப்போகிற நிறுவனம் எது, சுரண்டைப் பக்கம் காற்றாலைக்காரர்களா, ஊருக்கே போய்விடலாமா என்றெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் ஓடிப் பார்த்துவிட்டேன். அப்புறம் கிரேம் செல்லை நீட்டினார்.

பழைய அரசாங்கக் கடிதத்தின் நடையில் இருந்தது அது. மேற்படி காசிவிஸ்வநாதன் தங்களின் கீழ் பணிபுரிவதாக அறிகிறேன். அன்னாரின் குணநலன், பழக்கவழக்கங்கள், பணி நிரந்தரமானதா தற்காலிகமானதா என்ற விவரம், மற்றும் தாங்கள் தெரிவிக்க விரும்பும் பிற விஷயங்களைத் தெரிவித்து உதவ வேண்டும். இம்மாதத்துக்குள் நாங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருப்பதால் விஷயம் அவசரமானது, ரகசியமாக வைத்துக்கொள்ளவும். இவ்வளவும் ஆங்கிலத்தில். கீழே சங்கரலிங்கம், செயலாளர், ஓய்வு என்று கையெழுத்து. வாசுதேவநல்லூரிலிருந்து லீட்ஸுக்கு ஆள் அனுப்ப முடியாது, இங்கே என் வீட்டுக்கு எதிரே டீக்கடை கிடையாது. என்னைப் பற்றி நானே எழுதியதை அவர் ஒரு வரிகூடப் பொருட்படுத்தியிருக்க மாட்டார். என்னைப் பற்றி அடுத்தவன் எழுதிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, அவன் கதவைத் தட்டியிருக்கிறார். அவர் இடத்தில் என் அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்.

கிரேம் எழுதிய பதிலையும் படித்தேன். கேசி போன்ற ஆளை நான் முப்பது வருடத்தில் பார்த்ததில்லை. மே மாதம் எங்கள் பிரிவையே மூடியபோது அவன் வேலை போனது, அதில் அவன் தவறு எதுவுமில்லை. மனதளவில் மிகவும் உடைந்து போயிருக்கிறான், வெளியே காட்டிக்கொள்ள மாட்டான். விசா முடியப்போகிறது. உடனடியாகச் சேரக்கூடிய நிலையில் இருக்கிறான். கிறிஸ்துமஸ் விருந்தில்கூட ஆரஞ்சுச் சாறுதான் குடிப்பான். தயவுசெய்து அவனை எடுத்துக்கொள்ளுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். ஒரு வேலைக்காக இதை யாராவது எழுதியிருந்தால் நான் கும்பிட்டிருப்பேன். எப்போது அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அன்று காலை என்றார். என் கண் கலங்கியதைப் பார்த்து அவர் என் தோளில் தட்டினார், நான் நன்றி சொன்னேன். நடந்தது என்னவென்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

அப்போது இந்தியாவில் மாலை நாலரை இருக்கும். வெளியே வந்ததும் செண்பகத்தை அழைத்திருக்க வேண்டும். பெரியவர் அதைப் படித்து, யாரிடமாவது கொடுத்து அர்த்தம் கேட்டு, ஒரு முடிவுக்கு வர எப்படியும் ஒரு நாள் ஆகியிருக்கும். அந்த ஒரு நாள் எனக்கு இருந்தது. நானாக அவரை அழைத்து, மாமா, இப்படி ஆகிவிட்டது, பயத்தில் மறைத்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நிச்சயம் மன்னித்திருப்பார் என்று இப்போது தெரிகிறது. நான் செய்ததோ வேறு. நூலகத்துக்கே திரும்பிப் போய், முன்பு விண்ணப்பித்திருந்த ஹல் நகர நிறுவனத்துக்கு மறுபடி ஒரு மின்னஞ்சல் எழுதினேன். நாளைக்கு அந்த வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கோழை மனம் கடைசிவரை கயிறு திரித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சங்கரலிங்கமே அழைத்தார். இப்படிப்பட்ட இடத்தில் எங்கள் பக்கம் யாரும் நேரே பேசுவதில்லை, ஜாதகத்தை இன்னொருவர் பார்த்தார், பொருத்தம் குறைவு என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் அப்படிச் செய்யாததற்கு நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

"தம்பி, வேலை போறதும் வாரதும் உள்ளதுதான். எம்மவனுக்கே ரெண்டு தடவ போயிருக்கு. அதுக்காவ ஒரு பொண்ண வேண்டாம்னு சொல்லுத ஆளு நானில்ல" என்றார். "அன்னைக்கி நான் ஒங்கள்ட்ட கேட்டேன்லா, வேலையெல்லாம் எப்படிப் போவுதுன்னு. நல்லாப் போவுது மாமான்னு சொன்னிய. யாருன்னே தெரியாத வெள்ளக்காரன் எனக்கு உள்ளதச் சொல்லுதான். சம்பந்தம் பண்ணப் போற நீங்க சொல்லல."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "பாவம், அந்த மனுசன். நான் ஏதோ கம்பெனி வச்சிருக்கேன்னு நெனச்சிட்டான் போல. ஒங்களுக்கு எப்படியாது ஒரு வேல போட்டுக் குடுங்கன்னு எங்கிட்ட கெஞ்சுதான், தம்பி." செண்பகத்துக்கு இதில் ஒன்றுமே தெரியாது, தவறு முழுக்க என்னுடையது என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தெரியாதுன்னு நீங்கதான சொல்லுதிய" என்றார்.

செண்பகம் இரண்டு நாள் என் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் வங்கியிலிருந்து வெளியே வந்து பேசினாள், பின்னால் பேருந்துச் சத்தம் கேட்டது. அழவில்லை. மணிகண்டனோடு அவள் தினமும் பேசிவந்தாளாம். அங்கே பம்பையெல்லாம் நிறுத்துவதும் ஓடவிடுவதும் என் அண்ணன் சொல்கிற நாளில்தான் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறாளாம். இப்போது அவன் கடைசியாகக் கேட்டது ஒரே ஒரு கேள்விதானாம், உனக்கு முதலிலேயே தெரியுமா என்று. "தெரியாதுன்னு சொன்னேன். நம்புன மாதிரி தெரியலண்ணே" என்றாள். ஏட்டி, நான் அவனிடம் பேசட்டுமா என்று கேட்டேன். "நீ பேசுனா யாரு நம்புவா?" என்றாள். பிறகு, "எங்கிட்டயாது சொல்லிருக்கலாம்லா. நான் யார்ட்டண்ணே போயிச் சொல்லப் போறேன்" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில் அவளிடம் மறைத்தது எனக்காக. அவள் கண்ணில் நான் லண்டன் அண்ணனாகவே இருக்க ஆசைப்பட்டேன். லீட்ஸ் லண்டன் இல்லை என்று அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருந்தாலும் அவள் எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாள், அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலையே பச்சை வளையத்தைப் போட்டேன். மே மாதத்தோடு வேலை முடிந்தது என்றும் பதிந்தேன். இனி யாரிடம் மறைக்க வேண்டும்? ஹிலரி சொன்னது பலித்தது. ஒரு வாரத்தில் நாலு பேர் எழுதினார்கள். கிரேம் யார் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அறுபதில் ஐம்பத்து மூன்றாவது நாள் ஹல் நகரத்து நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. முதல் வாரமே அந்த இரண்டையும் செய்திருந்தால் சங்கரலிங்கம் கிரேமுக்கு எழுதுவதற்கு முன்பே எனக்கு வேலை கிடைத்திருக்குமா, இல்லை, வளையத்தைப் பார்த்துச் சம்பந்தம் அப்போதே முறிந்திருக்குமா என்று நான் எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னதை வைத்துப் பார்த்தால் முறிந்திருக்காது. அதுதான் என்னைத் தூங்கவிடுவதில்லை. புதிய வேலையைப் பதிந்ததும் தளமே எல்லாருக்கும் தெரிவித்துவிட்டது. ஊர்க்காரர்கள் வரிசையாக வாழ்த்தினார்கள். சுரண்டைக்காரர் வாழ்த்தினார். வாசுதேவநல்லூரிலிருந்தும் ஒரு வாழ்த்து வந்தது, தளம் எழுதித் தருகிற ஆயத்த வாசகம்தான், ஆனால் அதை அழுத்த அவருக்கு மனது இருந்திருக்கிறது.

நான் எழுதும் இந்த நேரத்தில் ஹல்லில் குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆவணி போய் ஐப்பசியும் வந்துவிட்டது. மணிகண்டனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டதாகக் கேள்வி. அம்மாவை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைக்கிறேன். செண்பகம் இருந்தால் செல்லை வாங்கி, நல்லாயிருக்கியாண்ணே, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு அம்மாவிடமே கொடுத்துவிடுவாள். வேலை எப்படி என்று அவள் கேட்பதில்லை. நான் சொன்னாலும் ம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். அந்த ம் என்னைச் சுடுகிறது. வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு வீட்டோடு மிச்சமிருப்பது அவன் சொல்கிற சொல் ஒன்றுதான். என் சொல் அந்த வீட்டில் செல்லாமல் போய்விட்டது.

சென்ற மாதம்தான் ஒன்றைக் கவனித்தேன். நம் பக்கத்தை யார் யார் வந்து பார்த்தார்கள் என்று அந்தத் தளம் நமக்கே சொல்லிவிடும். வாராவாரம் ஒரே பெயர் வருகிறது. செண்பகம், தென்காசி. படம் இல்லை, வேலை விவரம் இல்லை, பார்ப்பதற்காகவே திறந்த கணக்கு. பெரும்பாலும் எனக்குக் காலை எட்டரை மணி, அவளுக்கு வங்கியில் மதியச் சாப்பாட்டு நேரம். அண்ணன் இன்னும் வேலையில்தான் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போகிறாள். என்னிடம் கேட்காமல் என்னைப் பற்றி விசாரிக்கிறாள். அந்நியனை விசாரிக்கிற மாதிரி. சில நாள் நானும் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்ததும் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே அவளும் இங்கே நானுமாக என் பெயரையே பார்த்துக்கொண்டிருப்போம். வந்து போவது எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இதையும் நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வருவதை நிறுத்திவிடுவாள்.